வயோதிகத்தில் சுயராஜ்யம்

தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சி, தனக்குக் கிடைத்த அரிய நெல்லிக்கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்கு அளித்த கதையை நம்மில் அறியாதார் யார்? அந்தத் தகடூர்தான் இன்றைய தர்மபுரி. ஔவை என்றதும் கோலூன்றிய ஒரு கிழவி நம் மனக்கண் முன் வந்து நிற்கிறாள். சங்க காலத்து ஔவை வேறு, கோலூன்றிய ஔவை வேறு என்று புலவர்கள் வாதாடட்டும். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். நம் ஜனங்கள் அந்தக் கிழவியை இவ்வளவு ஆசையுடன் போற்றி வைத்திருப்பதேன் என்பதையே நாம் யோசிக்கிறோம். அவள் எவர் வீட்டிலும் ஒண்டியிருக்கவில்லை. நினைத்த ஊருக்கு நடந்து போனாள். தொண்டைமானிடம் தூதும் சென்றாள். நெல்லிக்கனி நீண்ட ஆயுளைத் தந்தது என்பது கிடக்கட்டும். அந்த ஆயுளைத் தன் காலில் நின்றே கழித்தாள் அல்லவா?

இன்று தர்மபுரி ஜில்லாவின் கிராமங்களில் காலில் நிற்க வேண்டிய அவசியம் கிழவர்களுக்குத்தான் அதிகம். வாலிபர்கள் பெங்களூருக்கும், ஓசூருக்கும், திருப்பூருக்கும் பிழைக்கப் போய்விடுகிறார்கள். ஊரில் எஞ்சியிருப்போர் முதியவர்கள். சில வீடுகளில் பேரக் குழந்தைகளும் உண்டு. ஆட்டை ஓட்டிப் போவதும், அடுப்பு மூட்டுவதும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தலை வாரிவிடுவதும் அவர்கள்தாம். ஆகையால், முதுமையில் பிறர் கையை எதிர்பாராதிருப்பது எப்படி என்ற கேள்வி இங்கே வெறும் திண்ணை வேதாந்தம் அல்ல. காலையில் எழுந்து குடத்தைத் தூக்க இடுப்பு இடம் கொடுக்குமா என்பதே கேள்வி.

இடுப்பு இடம் கொடுப்பது பாதிக்குமேல் அந்தக் குடத்திலிருக்கும் நீரைப் பொறுத்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். இந்த ஜில்லாவின் பாறைகளில் புளோரைடு கலந்திருக்கிறது. மழையோ குறைவு. கிணறுகள் வற்ற வற்ற, ஜனங்கள் ஆழ்துளைக் கிணறு தோண்டினார்கள். பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கிய அந்த நீரில் பல இடங்களில் புளோரைடு அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் கெடுதல். குழந்தைகளுக்குப் பல்லில் பழுப்புக் கறை படிகிறது. அதைக் கண்ணால் பார்த்துவிடலாம். பெரியவர்களுக்கு அது இருபது, முப்பது வருஷம் சத்தமின்றி எலும்பிலும் மூட்டிலும் சேர்ந்து, கழுத்தையும் முதுகையும் முழங்காலையும் விறைக்கச் செய்கிறது. ஐம்பது வயதில் குனிய முடியாதவரைப் பார்த்து, “வாதம் ஐயா, வயதாகிவிட்டது” என்று ஊரார் அனுதாபப்படுகிறார்கள். வயதின்மேல் எத்தனை பழியைத்தான் போடுவது!

நீரைக் காய்ச்சிக் குடித்தால் போதாதா என்று சிலர் கேட்கிறார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய, மிச்ச நீரில் அதன் அளவு கூடவே செய்யும். ஒரு முறை விறைத்துப் போன முதுகைப் பழையபடி வளைக்க மருந்தும் கிடையாது. வராமல் தடுப்பதுதான் வழி.

அந்த வழி வெகு தூரத்தில் இல்லை. இதே ஜில்லாவில்தான் ஒகேனக்கலில் காவேரி இரைந்து விழுகிறது. ஆயினும் அந்த நீரை ஊர்களுக்குக் கொண்டுவரும் திட்டத்துக்கு அஸ்திவாரம் போட்டது 2008-ல். ஜப்பான் தேசத்தின் கடனுதவியுடன் பூர்த்தியாகித் தொடங்கப்பட்டது 2013-ல். அருவியைப் பார்த்துக்கொண்டே தாகத்தோடு இருந்த தலைமுறைகளை நினைத்தால் மனம் நோகிறது. காவேரி நீர் வரும் வீட்டில் குளிக்கவும் துவைக்கவும் ஆழ்துளை நீர் இருக்கட்டும். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் குழாய் வரும் நாளிலேயே பிடித்து வைத்துக்கொள்வது மேல்.

கால்சியமும் ‘சி’ வைட்டமினும் குறைந்த உடம்பையே புளோரைடு அதிகமாக வாட்டும் என்பது வைத்தியர் அபிப்பிராயம். கேழ்வரகுக் களி இந்த மண்ணின் பழைய ஆகாரம். நூறு கிராம் கேழ்வரகில் ஏறக்குறைய 340 மில்லிகிராம் கால்சியம் உண்டு. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடத் தேறாது. களியை ஏழைச் சாப்பாடு என்று ஒதுக்கிவிட்டு ரேஷன் அரிசிக்கு மாறினோம். 2023-ல் சர்க்காரே நீலகிரியிலும் தர்மபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்க முன்வந்தது. அதியமானின் நெல்லிக்காயில் ‘சி’ வைட்டமின் நிறைந்திருப்பதைச் சொல்லவே வேண்டியதில்லை!

கையில் நாலு காசும் வேண்டும். ஆதரவற்ற முதியோருக்கு 1962-ல் மாதம் 20 ரூபாயுடன் தொடங்கிய உதவித் தொகை, 2023-ல் 1,200 ரூபாயாயிற்று. இதைக் காட்டிலும் கிழவிகளுக்கு உற்சாகம் தந்தது, 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கட் காசு இல்லை என்று ஆனதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. அரூர் ஆஸ்பத்திரிக்குப் போக மகனிடம் பஸ் காசு கேட்க வேண்டாமே!

காலும் காசும் இருந்தும் சுயராஜ்யத்தை இழப்பவர்கள் உண்டு. மகன் மீதுள்ள பிரியத்தில், அரை ஏக்கர் மானாவாரி நிலத்தையும் ஓட்டு வீட்டையும் செட்டில்மெண்டு எழுதி ரிஜிஸ்தர் செய்து கொடுத்துவிடுகிறார்கள். மறுநாள் முதல் தம் வீட்டிலேயே விருந்தாளி. விருந்து மூன்று நாள்தானே? உயில் என்றால் கண் மூடிய பிறகே அமலுக்கு வரும். எத்தனை தடவையும் மாற்றி எழுதலாம். செட்டில்மெண்டு அப்படியன்று. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால், ஆயுள் உள்ளவரை தாமே அனுபவிக்கும் பாத்தியதையும், தம்மைப் பராமரிக்க வேண்டுமென்ற நிபந்தனையும் பத்திரத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தைச் செல்லாததாக்க, 2007-ஆம் வருஷத்து முதியோர் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு இடம் தருகிறது. நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று 2022-ல் கூறிய சுப்ரீம் கோர்ட்டு, 2025 ஜனவரியில் இச்சட்டத்தை முதியோருக்கு அனுகூலமாகவே கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மனுவை விசாரிப்பவர் கோட்டாட்சியர். தர்மபுரியிலும் அரூரிலும் அவருடைய கச்சேரிகள் இருக்கின்றன. ஆனால் பெற்ற பிள்ளையின்மேல் மனுக் கொடுக்க எத்தனை தாய்மாருக்கு மனம் வரும்?

பத்திரம் எழுதுகிறவர் முதலில், “செட்டில்மெண்டா, உயிலா?” என்று கேட்பார். பக்கத்தில் நிற்கும் மகனோ மருமகனோ முந்திக்கொள்ளுமுன் பெரியவரே வாயைத் திறந்து, “உயில்” என்று சொல்லிவிடட்டும்.