புற்றுநோய் பரவுதலில் இரத்தத் தட்டணுக்களின் பங்கு

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் ‘பிளேட்லெட்’ எனக் குறிக்கப்படுபவை இரத்தத் தட்டணுக்கள். ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் இவை ஏறத்தாழ 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை இருக்கும். காயத்தை அடைத்துக் குருதிப்போக்கை நிறுத்துவதே இவற்றின் முதன்மைப் பணி.

இப்பணியைப் புற்றுநோய் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறது. கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் கலக்கும் புற்றணுக்களுள் பெரும்பாலானவை வழியிலேயே அழிந்துவிடும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைத் தாக்கும். ஆனால், தட்டணுக்கள் அவற்றின்மேல் ஒட்டி உறைபோல் மூடிக்கொண்டால் சில தப்பிவிடுகின்றன. தட்டணுக்கள் வெளியிடும் வளர்ச்சிக் காரணிகள், அவை இரத்தநாளச் சுவரைக் கடந்து வேறோர் உறுப்பில் தங்கவும் துணைபுரிகின்றன.

புற்றுநோயாளிகளுக்கு இரத்தம் எளிதில் உறையக்கூடும். பிரெஞ்சு மருத்துவர் அர்மான் துரூசோ இதனை 1865ஆம் ஆண்டிலேயே விளக்கினார். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சுத் திணறினாலோ மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

‘அப்படியானால் ஆஸ்பிரின் உட்கொள்ளலாமா?’ என்று உறவினர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால், கீமோதெரபியால் தட்டணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் ஆஸ்பிரின் ஆபத்தான இரத்தக்கசிவை உண்டாக்கலாம். மருத்துவர் பரிந்துரைக்காமல் அதனை உட்கொள்ளாதீர்கள். இதய நோய்க்காக ஏற்கெனவே உட்கொண்டுவருபவர்கள் தாமாக நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

தட்டணு ஏற்றினால் நோய் பரவிவிடுமோ என்றஞ்சி மறுத்துவிடாதீர்கள். எண்ணிக்கை 10,000க்கும் கீழே சென்றால், காயமின்றியே இரத்தக்கசிவு ஏற்படலாம். அந்நிலையில் உயிரைக் காப்பதும் இதே தட்டணுக்கள்தாம்.