வரைய வராதா? ஸ்டாம்ப் இருக்கே... ஆர்ட் ஜர்னல் போடலாம் வாங்க!

"எனக்குப் படம் வரையவே வராதுப்பா!" ஸ்கூலில் யாரோ சிரித்த ஒரே காரணத்துக்காக இப்படிச் சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்தவர்கள் நம்மில் நிறைய பேர். ஆர்ட் ஜர்னல் அவர்களுக்கும்தான். அன்றைய நாளை நிறம், வடிவம், நாலு வார்த்தை எனப் பதிவு செய்யும் டைரி இது. மார்க் போட யாரும் கிடையாது. மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரிடா காலோ, தன் வாழ்க்கையின் கடைசி 10 ஆண்டுகளில் வைத்திருந்த டைரியிலும் எழுத்தும் வண்ணமும் கலந்தேதான் இருக்கின்றன.

கோடு போடத்தான் பயமா? அதை ஸ்டாம்ப் பார்த்துக்கொள்ளும். கலர் பென்சில் மட்டும் உங்கள் கையில்!

என்ன வேண்டும்?

கொஞ்சம் தடிமனான நோட்டு (120 ஜி.எஸ்.எம்முக்கு மேல் இருந்தால், இங்க் பின்பக்கம் ஊறுவது குறையும்), 12 கலர் பென்சில் பாக்ஸ், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் ஸ்டாம்ப் பேட். போதும்.

ஸ்டாம்ப்புக்குக் காசு வேண்டாம்

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் பூ ரெடி. வழவழப்பை டிஷ்யூவால் ஒற்றி எடுத்துவிட்டு, சின்ன ஸ்பாஞ்சால் அதன்மீது இங்க்கைத் தடவுங்கள். நேரடியாகப் பேடில் அழுத்தினால் பேட் வீணாகிவிடும்.

நிரந்தரமாக ஒன்று வேண்டுமா? பேப்பரில் பென்சிலால் அழுத்தி ஓர் இலை வரையுங்கள். அதை ரப்பர்மேல் கவிழ்த்து, பின்பக்கம் நன்றாகத் தேயுங்கள். படம் ரப்பரில் தலைகீழாகப் பதியும். கோட்டுக்கு வெளியே இருப்பதை பிளேடால் செதுக்கி எடுங்கள் (விரல் பத்திரம்!). ஸ்டாம்ப் அடிக்கும்போது படம் நேராக வரும். பெயரின் முதல் எழுத்தைக்கூட இப்படிச் செதுக்கலாம்.

பக்கத்தை நிரப்பலாமா?

1. முதலில் ஸ்டாம்ப், பிறகுதான் பென்சில். கலர் பென்சிலில் மெழுகு இருப்பதால், அதன்மேல் இங்க் சரியாக ஒட்டாது.

2. பூக்களை 3, 5 எனக் கூட்டமாக அடியுங்கள். ஒரு பூ இன்னொன்றுக்குப் பின்னால் இருப்பதுபோல வேண்டுமா? துண்டு பேப்பரில் அதே பூவை அடித்து, வெட்டி, முதல் பூவை மூடிவிட்டு அடுத்ததை ஓரத்தில் படும்படி அடியுங்கள்.

3. இங்க் நன்றாகக் காயட்டும். அவசரப்பட்டால் ஈஷிக்கும்.

4. கலரை மெதுவாக, 3, 4 அடுக்காகத் தீட்டுங்கள். எடுத்ததுமே அழுத்தினால் பேப்பரின் சொரசொரப்பு அடைபட்டு, அடுத்த கலர் ஏறாது.

5. நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். பச்சை இலைக்கு அடர்நீலம், மஞ்சள் பூவுக்கு பிரவுன் போட்டுப் பாருங்கள். கடைசியில் வெள்ளைப் பென்சிலால் அழுத்தித் தேய்த்தால் கலர்கள் கலந்து பளபளக்கும்.

6. மிச்ச இடத்தில் தேதியும், அன்றைக்கு மனசில் நின்ற ஒரு வரியும். 'இன்னைக்கு அம்மாகிட்ட கத்திட்டேன்' என்பதுகூட ஜர்னலுக்கு உரியதுதான்.

ஸ்டாம்ப் பாதிதான் பதிந்ததா? பக்கத்தைக் கிழிக்காதீர்கள். விட்டுப்போன கோட்டைப் பென்சிலால் இழுத்துச் சேருங்கள். அட, நீங்களே வரைய ஆரம்பித்துவிட்டீர்களே!

ஆனால், முடித்ததும் உடனே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்க வேண்டாம். லைக் எண்ண ஆரம்பித்தால், அது மறுபடியும் டிராயிங் கிளாஸ்தான். முதல் 10 பக்கங்களாவது உங்களுக்கு மட்டும் இருக்கட்டும்.