வடக்குப் பக்கத்தில் வெயில் விழும் மாதங்கள்

கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் உள்ள ஸ்விஃப்ட் கரண்ட் நகரில், ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.25 ஆகிவிடும். அந்த நேரத்தில் ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஓடும் மண்சாலையில் காரை ஓரங்கட்டிவிட்டுக் கேமராவோடு ஒருவர் நின்றால், சூரிய அஸ்தமனத்தைப் படம் பிடிக்க வந்தவர் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் அவர் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கிழக்கிலிருந்து வரப்போகும் சரக்கு ரயில்தான் அவருக்கு வேண்டும்.

ரயிலைப் படம் எடுப்பதைத் தீவிரமான பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் உலகெங்கும் உண்டு. கனடா என்றால் அவர்களில் பெரும்பாலோர் முதலில் ராக்கி மலைத்தொடரைத்தான் நினைப்பார்கள். பான்ஃப் தேசியப் பூங்காவில், ஆற்றை ஒட்டித் தண்டவாளம் வளையும் ஓர் இடத்துக்கு ‘மொரான்ட் வளைவு’ என்றே பெயர். கனடியன் பசிபிக் ரயில்வேயின் புகைப்படக்காரராக நெடுங்காலம் பணியாற்றிய நிக்கோலஸ் மொரான்டின் பெயர் அது. அழகான இடம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் மலை இருக்கும் இடத்தில் மாலை வெயிலை மலையே மறைத்துவிடும். மனிடோபா, சஸ்காட்சுவான், ஆல்பர்ட்டா மாகாணங்களில் பரந்து கிடக்கும் பிரெய்ரி சமவெளியில் வெயிலை மறிக்க எதுவும் இல்லை. சூரியன் அடிவானத்தைத் தொடும் கடைசி நிமிடம் வரை ரயில்மேல் ஒளி விழுந்துகொண்டே இருக்கும்.

சூரியன் மேற்கில் மறையும் என்று படித்திருக்கிறோம். அது சரியாக மேற்கில் மறைவது ஆண்டுக்கு இரண்டே முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும். கோடையில் வடக்கே தள்ளி மறையும்; வடக்கே போகப் போக அந்தத் தள்ளலும் கூடும். ஸ்விஃப்ட் கரண்ட் இருக்கும் 50 டிகிரி வட அட்சரேகையில், ஜூன் கடைசியில் சூரியன் மறையும் இடம் நேர் மேற்கிலிருந்து 38 டிகிரி வடக்கே இருக்கும். ஏறக்குறைய வடமேற்கு மூலை என்றே சொல்லலாம். பிரெய்ரியின் முக்கிய ரயில் பாதைகளோ பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுபவை. 1885இல் கிழக்குக் கனடாவையும் பசிபிக் கடற்கரையையும் இணைத்து முடிக்கப்பட்ட பாதையும் அப்படித்தான் இந்தச் சமவெளியைக் கடக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். நேர் கிழக்கு மேற்காக ஓடும் பாதையில் செப்டம்பர் கடைசி முதல் மார்ச் வரை ரயிலின் வடக்குப் பக்கம் வெயிலையே பார்க்காது. கோடையிலும் நண்பகலில் நிழல்தான். ஜூனில் மாலை ஆறு மணிவாக்கில் சூரியன் நேர் மேற்கைத் தாண்டி வடக்குப் பக்கம் வருகிறது. அதிலிருந்து மூன்றரை மணி நேரம், மேற்கு நோக்கி வரும் ரயிலின் முகத்திலும் வடக்குப் பக்கத்திலும் ஒரே நேரத்தில் வெயில் விழும். தெற்கிலிருந்து மட்டுமே எடுக்க முடிந்த இடங்களை வடக்கிலிருந்தும் எடுக்கலாம். பாதைக்கு வடக்கே இருக்கும் குளமோ கடுகுக் குடும்பத்துக் கனோலா வயலோ படத்தின் முன்புறத்தில் வந்து உட்காரும். கனோலா பூத்து வயல் முழுக்க மஞ்சளாகக் கிடப்பதும் இதே பருவத்தில்தான்.

வெயிலின் நீளமும் இங்கே வேறு. பூமத்தியரேகைக்குப் பக்கத்து நாடுகளில் சூரியன் செங்குத்தாக விழுந்து மறைந்துவிடும். பிரெய்ரியில் அது சரிந்து, அடிவானத்தை ஒட்டி நகர்ந்து மறையும். அடிவானத்துக்கு ஆறு டிகிரி மேலே இருக்கும் சூரியன் சென்னையில் அரை மணிக்குள் மறைந்துவிடும். ஸ்விஃப்ட் கரண்டில் அதற்கு முக்கால் மணிக்கு மேல் ஆகும். புகைப்படக்காரர்கள் பொன் வேளை என்று கொண்டாடும் நேரம் அவ்வளவு நீண்டு கிடைக்கிறது.

நண்பகலில் எடுத்த சரக்கு ரயில் படத்தையும் இந்த நேரத்தில் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நண்பகல் படத்தில் வண்டியின் மேல்பாதி வெளுத்திருக்கும். அடிப்பகுதி கறுப்பாக அடைத்துக் கிடக்கும். சக்கரம் எது, ஸ்பிரிங் எது என்று தெரியாது. தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் நுழைவதால் அடிப்பகுதி முழுவதும் திறந்துகொள்ளும். சுருள் ஸ்பிரிங்குகள், பிரேக் கட்டைகள், அவற்றின்மேல் அப்பிக்கிடக்கும் பழுப்புத் தூசி, பக்கத் தகட்டில் ஒவ்வொரு வெல்டிங் கோடு என எல்லாமே தெரியும். பல ஆயிரம் டன்னைத் தாங்கி ஓடுவது அந்த அடிப்பகுதிதான். அதைக் காட்டாத படம் ரயிலைப் பாதிதான் காட்டுகிறது.

ஆனால் அதே தாழ்ந்த வெயில் கடைசி நேரத்தில் கையையும் விரித்துவிடும். சூரியன் மூன்று டிகிரி உயரத்தில் இருக்கும்போது ஒரு மீட்டர் உயரப் புல்லின் நிழல் 19 மீட்டர் நீளும். பள்ளத்து ஓரம் முளைத்த புதர் ஒன்று போதும், அதன் நிழல் சக்கரங்கள்மேல் ஏறிவிடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தண்டவாளம் கரைமேல் உயர்ந்து போகும் இடத்தைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்கிறார்கள்.

இடம் தேடுவது பிரெய்ரியில் சுலபம். 1871இல் தொடங்கிய அரசு நில அளவை, சமவெளி முழுவதையும் ஒரு மைல் சதுரங்களாகப் பிரித்தது. சஸ்காட்சுவானில் அந்தக் கோடுகளை ஒட்டி ஒவ்வொரு மைலுக்கும் வடக்கு தெற்காகச் சாலைக்கு நிலம் விடப்பட்டது. ஆகவே ரயில் பாதைக்குப் போய்ச் சேரப் பொதுச்சாலைகள் நிறைய உண்டு. டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையும் பல இடங்களில் ரயிலுக்கு இணையாகவே போகிறது. நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வேகம் போகலாம்; சரக்கு ரயில் பெரும்பாலும் 90ஐத் தாண்டாது. ஒரே ரயிலை முந்திப் போய், அடுத்த ஊரில் இன்னொரு வெளிச்சத்தில் எடுக்க அந்த வித்தியாசம் போதும்.

கேமரா அமைப்பில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. மணிக்கு 90 கிலோமீட்டர் என்றால் விநாடிக்கு 25 மீட்டர். ஷட்டர் வேகம் 1/250 என்று வைத்தால் அதற்குள் ரயில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பக்கவாட்டில் எடுத்தால் எழுத்துகள் கலங்கும். 1/1000 என்றால் இரண்டரை சென்டிமீட்டர்தான். வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால், கேமரா அந்தப் பொன்னிறத்தைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடும். பகல் வெளிச்சத்துக்கான நிலையில் பூட்டிவிட வேண்டும். இங்கே ஓடும் இரு பெரிய நிறுவனங்களான கனடியன் நேஷனல், கனடியன் பசிபிக் கன்சாஸ் சிட்டி இரண்டின் இன்ஜின்களுக்கும் முகம் சிவப்பு. செம்மஞ்சள் வெயிலில் அந்தச் சிவப்பு எளிதில் அளவுமீறி விவரம் இழக்கும். எக்ஸ்போஷரைச் சற்றுக் குறைத்து எடுப்பது நல்லது.

கிழக்கே போகும் ரயில் வந்தால் ஏமாற வேண்டியதில்லை. நீண்ட ரயில்களின் வாலிலும் பெரும்பாலும் ஓர் இன்ஜின் ஓடும்; வெயில் அதன்மேல் விழும். அல்லது சூரியனை எதிர்நோக்கி நின்று, இருண்ட நிலத்தின் நடுவே தண்டவாளமும் பெட்டிகளின் பக்கமும் மட்டும் தகதகவென மின்னும்படி எடுக்கலாம்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பரிசு, இடிமழைக்குப் பிறகு கிடைப்பது. பிரெய்ரியில் கோடை இடிமேகங்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்து கிழக்கே நகரும். மழை தாண்டிப் போனதும் மேற்கு வானம் திறந்து வெயில் அடிக்கும். கிழக்கு வானம் இன்னும் கருநீலமாக இருக்கும். அந்தக் கருமைக்கு முன்னால் முகம் முழுக்க வெயில் வாங்கிக்கொண்டு மேற்கே வரும் சிவப்பு இன்ஜினுக்கு ஈடான காட்சி மலைகளில் கிடையாது.

இன்ஜினுக்குப் பின்னால் வருவதையும் பார்க்க வேண்டும். 1972 முதல் கனடிய அரசு தானியம் ஏற்ற ஆயிரக்கணக்கான ஹாப்பர் வேகன்களை வாங்கியது. உருளையாகப் பக்கம் வளைந்த வேகன்கள் அவை. பின்னர் மாகாண அரசுகளும் வாங்கின: சஸ்காட்சுவானுக்குப் பச்சை, ஆல்பர்ட்டாவுக்கு நீலம். வளைந்த அந்தப் பக்கங்களில் மாலை வெயில் ஒரு நீளக் கோடாக ஓடும். கோதுமையும் கனோலாவும் மட்டுமல்ல, பட்டாணியும் மசூர் பருப்பும் அவற்றில் துறைமுகத்துக்குப் போகின்றன. சஸ்காட்சுவானின் பருப்பை நீண்ட காலமாக வாங்கிவரும் நாடுகளில் இந்தியா முக்கியமானது. தமிழ் வாசகருக்கு இந்த ரயில்கள் அவ்வளவு அந்நியமில்லை.

அந்த வேகன்களின் ஆயுள் சுமார் 50 ஆண்டு. இப்போது அவை ஒவ்வொன்றாகக் கழிக்கப்படுகின்றன. கனடியன் பசிபிக் மட்டுமே 5,900 புதிய வேகன்களை வாங்கப்போவதாக 2018இல் அறிவித்தது. தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றுவதற்காகத் தண்டவாளத்தோரம் நின்ற மரத்தாலான எலிவேட்டர் கிடங்குகளுக்கு முன்பே இந்த நிலை வந்துவிட்டது. 1930களில் ஐயாயிரத்துக்கும் மேல் இருந்தவை இன்று சில நூறுதான். மனிடோபாவின் இங்லிஸ் ஊரில் வரிசையாக நிற்கும் ஐந்து எலிவேட்டர்களைத் தேசிய வரலாற்றுத் தலமாகக் காக்க வேண்டியிருக்கிறது.

படம் எடுக்கப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறாமல் கடைப்பிடிக்க வேண்டும். ஒன்று, ரயில்வே நிலத்துக்குள் ஜல்லிமேல் ஏறக் கூடாது. அது சட்டப்படி குற்றம். முழு வேகத்தில் வரும் சரக்கு ரயில் நிற்க இரண்டு கிலோமீட்டர்கூட ஆகலாம். இன்னொன்று, அனுமதி இல்லாமல் வயலுக்குள் இறங்கக் கூடாது. பயிர் மிதிபடும் என்பதற்காக மட்டுமல்ல. கனோலாவின் வேரை வீங்கவைத்து அழிக்கும் நோய் ஒன்று 2003இல் ஆல்பர்ட்டாவின் கனோலா வயலில் கண்டறியப்பட்டது. காலணியில் ஒட்டும் மண்ணோடு அது அடுத்த வயலுக்குப் பரவும்.

இன்ஜின் கடந்ததும் கேமராவை இறக்கிவிடுவது பலருக்கும் பழக்கம். பச்சை, நீல வேகன்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் இந்தச் சில கோடைகளிலாவது கடைசிப் பெட்டி போகும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள்.