கப்பல் காட்டும் ஊரும் கால் காட்டும் ஊரும்

சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, புக்கெட் என்று இரண்டொரு துறைமுகங்களைத் தொட்டுவிட்டு, மறுபடியும் சிங்கப்பூரிலேயே வந்து இறங்குகிற உல்லாசக் கப்பல் பிரயாணம் நம்மவர் குடும்பங்கள் பலவற்றில் வழக்கமாகிவிட்ட இந்நாளில், கப்பல் கரையை அணைந்ததும் கம்பெனியார் நடத்தும் சுற்றுலாவில் சேர்ந்துகொள்வதா, தாமே இறங்கி நடந்து ஊரைப் பார்ப்பதா என்ற கேள்வி ஒவ்வொரு பிரயாணியின் முன்னும் வந்து நிற்கிறது. செலவையும் அவகாசத்தையும் மட்டும் கணக்கிட்டு இதைத் தீர்மானிப்பவர்களே மிகுதி. அவ்விரண்டைக் காட்டிலும் பெரியதொரு விஷயம் இதில் அடங்கியிருக்கிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

கரைச் சுற்றுலாவின் நடைமுறை எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான். காலைப் பலகாரம் முடிந்ததும் கப்பலின் நாடக அரங்கில் எல்லோரும் கூட வேண்டும். எண் அச்சிட்ட வில்லை ஒன்றைச் சட்டையில் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்த எண்ணை அழைத்ததும் வரிசையாக இறங்கி, வழிகாட்டி உயர்த்திப் பிடித்த பலகையின் பின்னே சென்று பஸ்ஸில் ஏற வேண்டும். பினாங்கானால், ஆயர் ஈத்தாமிலுள்ள கெக் லோக் சி பௌத்த ஆலயத்தையும், 1923 முதல் இழுவை ரயில் ஓடிவரும் பினாங்கு மலையையும் காட்டி, இடையே கடை ஒன்றில் தாராளமாக இறக்கிவிட்டு, மதியச் சாப்பாட்டு வேளைக்குள் கப்பலில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். காட்டிய ஸ்தலங்கள் உயர்ந்தவையே, சந்தேகமில்லை. ஆனால் அந்த ஊரார் ஒருவரோடாவது முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசினோமா என்று யோசித்தால், பேசியிருக்கமாட்டோம்.

இத்தனைக்கும் நடந்து பார்க்கிறவனுக்குப் பினாங்கைப் போல அனுகூலமான துறைமுகம் அரிது. கப்பல் அணையும் சுவெட்டன்ஹம் துறை நகரத்தை ஒட்டியே அமைந்திருக்கிறது. வெளியே வந்ததும், விக்டோரியா மகாராணியின் வைர விழா ஞாபகார்த்தமாக, அவர் அரசாண்ட ஆண்டு ஒன்றுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரத்தில் எழுப்பிய மணிக்கூண்டும், அதன் அருகே கார்ன்வாலிஸ் கோட்டையும் தென்படுகின்றன. அங்கிருந்து சற்று நடந்தால், 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்துக்கொண்ட ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்கள். 1833இல் தோன்றிய குயின் தெரு மகா மாரியம்மன் கோயிலும், 1801இல் இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், சீனரின் குவான் யின் ஆலயமும், 1818ஆம் வருஷத்து செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் கூப்பிடு தூரத்துக்குள்ளே சூழ்ந்து நிற்கின்றன.

அங்குள்ள லிட்டில் இந்தியாவில் மல்லிகைச் சரம் கட்டிக்கொண்டிருக்கும் அம்மாள், நம் பேச்சைக் கேட்டதும் கை வேலையை நிறுத்தாமலே, "ஊர்லேருந்து வந்திருக்கீங்களா?" என்று விசாரிப்பார். நாகப்பட்டினத்தில் 'ராஜுலா' கப்பலேறிப் போய் அங்கேயே வேரூன்றிவிட்டவர்களின் பேரப் பிள்ளைகள் நடத்தும் கடைகள் அந்தத் தெருக்களில் உண்டு. அவர்களுக்கு ஊர் என்றால் இன்னமும் தமிழ்நாட்டு ஊர்தான். அக்காலத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் காவடி போட்டுத் துறைமுகக் கூலிகளுக்குச் சுமந்துபோய் விற்ற நாசி கந்தார் சோற்றை, இன்று கடையில் நிற்பவர் தட்டில் குவித்து, மீன் குழம்பையும் கோழிக் குழம்பையும் இன்னும் இரண்டொரு குழம்புகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அள்ளி ஊற்றித் தருகிறபோது, ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் பிரத்தியட்சமாகக் கண்முன் நிற்கும். பஸ்ஸின் ஜன்னல் கண்ணாடி வழியே இது தெரியாது.

இத்தாலியின் சிவிட்டாவெக்கியா துறைமுகத்தில் இறங்கி 80 கிலோமீட்டர் தள்ளியுள்ள ரோமாபுரிக்குப் போகிறவர்களுக்கும், நடக்கமாட்டாத முதியவர்களுக்கும் கப்பல்காரர்களின் சுற்றுலாவே சௌகரியம் என்பதையும், அது திரும்பத் தாமதித்தால் கப்பல் பொதுவாகக் காத்திருக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை. தனியே போகிறவன் நேரம் தப்பினால் கப்பல் போயே போய்விடும். புக்கெட்டின் கடிகாரம் சிங்கப்பூரின் கடிகாரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. ஆகையால் கப்பல் எந்த நேரத்தை அனுசரிக்கிறது என்று கேட்டுக்கொண்டு இறங்குவது அவசியம். இந்த ஜாக்கிரதை இருந்தால் மற்ற பயங்கள் யாவும் வீண்.

என் மனத்தை உறுத்துவது வேறு. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும் முன்பே பணம் கட்டிவிட்டு, ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே காலையில் ஓர் ஊரில் இறங்கி, அதன் தெருக்களையெல்லாம் நிறைத்து, படம் எடுத்துக்கொண்டு, ஒரு டம்ளர் தேநீருக்குக்கூட அந்த ஊரில் காசு கொடுக்காமல் திரும்புவது, விருந்துக்கு அழைத்த வீட்டுத் திண்ணையில் அமர்ந்து கட்டுச்சோற்றை அவிழ்ப்பது போன்ற காரியம். ஊருக்கு மிஞ்சுவது நெரிசலும் குப்பையும்தான். வெனிஸ் நகரத்து மத்தியிலுள்ள ஜியுடெக்கா கால்வாயில் 25,000 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் வருவதற்கு 2021இல் தடை விதித்தார்கள். மதில் சூழ்ந்த டுப்ரோவ்னிக் நகரத்தார், ஒரே சமயத்தில் இரண்டு கப்பல்களுக்கு மேல் வேண்டாம் என்று வரம்பு கட்டினார்கள். வந்தாரை வரவேற்றுப் பழகிய துறைமுகப் பட்டினங்களே கதவைச் சாத்துகிற நிலைக்கு வந்திருக்கின்றன என்றால், அந்தத் துன்பம் எத்தகையது என்பதை நாம் ஆலோசிக்க வேண்டாமா?

பினாங்கிலும் கவலைக்கு இடமுண்டு. பழைய கட்டிடங்களின் வாடகைக் கட்டுப்பாடு 2000இல் முற்றிலும் நீங்கியபின், தலைமுறை தலைமுறையாகக் கடையின் கீழே தொழிலும் மேலே குடித்தனமுமாக வாழ்ந்தவர்கள் பலர் வெளியேறினார்கள். அவர்கள் இருந்த இடங்களில் விடுதிகளும் காபிக் கடைகளும் வந்திருக்கின்றன. பிரம்பு முடைகிறவரும், பெயர்ப் பலகை செதுக்குகிறவரும், பூத்தொடுக்கும் அம்மாளும் ஒருவர்பின் ஒருவராகப் போய்விட்டால், வர்ணம் பூசிய சுவர்கள் மாத்திரம் எஞ்சும். அந்தச் சுவர்களைப் பார்க்க எவரும் கடல் தாண்டிப் போகவேண்டியதில்லை. நாடகக் கொட்டகையில் வில்லை ஒட்டிக்கொண்டு புறப்படும் கூட்டம் இத்தொழிலாளிகளின் படிகளை மிதிப்பதில்லை. கால்நடையாக வருகிறவனே மிதிக்கிறான்.

ஆகவே, பினாங்கில் இறங்கும் நம்மவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டையாவது அந்த ஊரிலேயே சாப்பிட வேண்டும். வழிகாட்டி தேவையானால், அனுமதி பெற்ற உள்ளூர் வழிகாட்டியை நேரே அமர்த்திக்கொண்டு அவர் கையிலேயே கூலியைக் கொடுக்க வேண்டும். வாங்குகிற பொருளைச் செய்தவரிடமே வாங்க வேண்டும். கப்பல் புறப்படும் நேரத்துக்கு இரண்டு மணி முன்னதாகவே துறைக்குத் திரும்பிவிட வேண்டும். இதனால் பார்க்கும் ஸ்தலங்களின் எண்ணிக்கை குறையலாம். குறைந்தாலும் பாதகமில்லை: பார்க்கத் தகுந்த ஊராக ஓர் ஊர் நிலைத்திருப்பதற்கு, அதைப் பார்க்கப் போகிறவர்களும் பொறுப்பாளிகளே.