சேலை எந்த ஊரில் விற்றது?

வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில், வீட்டின் முன்னறையையே கடையாக்கிப் பருத்திச் சேலை விற்கும் ஒரு பெண்மணியை நினைத்துக்கொள்வோம். சரக்கு சௌகார்பேட்டை மொத்தக் கடையிலிருந்து வருகிறது. படம் எடுத்து ஓர் ஆன்லைன் தளத்தில் ஏற்றுகிறார். ஆர்டர் வந்தால் பார்சல் கட்டுகிறார். ஆண்டுக்கு 800 சேலை, 8 லட்சம் ரூபாய் விற்பனை. இவர் கன்னியாகுமரிக்கு ஒரு சேலை அனுப்பினால் அது ஏறக்குறைய 700 கிலோமீட்டர் பயணம். ஜிஎஸ்டி பதிவு வேண்டியதில்லை. அதே சேலையை ஊத்துக்கோட்டை தாண்டி நாகலாபுரத்துக்கு அனுப்பினால் முதல் சேலைக்கே பதிவு வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஆந்திரம் எட்டிப்பார்க்கும் தூரம்தான். வரிச் சட்டத்துக்கு அது வேறு உலகம்.

யாரோ ஓர் அதிகாரி அரைத் தூக்கத்தில் எழுதிய விதி என்று தோன்றலாம். உண்மையில் இதற்குப் பின்னால் எண்பது ஆண்டுக்கும் மேலான ஒரு வழக்கு இருக்கிறது. ஒரு பொருள் ஓர் ஊரிலிருந்து கிளம்பி இன்னோர் ஊரில் போய்ச் சேர்ந்தால், விற்பனை நடந்தது எந்த ஊரில்?

வழக்கின் தொடக்கமும் நம் பக்கம்தான். 1937 அக்டோபரில் ராஜாஜியின் மதராஸ் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. கள், சாராய வருமானம் போன பள்ளத்தை நிரப்ப வேண்டும். 1939-இல் மதராஸ் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பெட்ரோல் போன்ற ஓரிரு சரக்கோடு நிற்காமல் பொதுவாக எல்லா வியாபாரத்தின் மேலும் விழுந்த விற்பனை வரி, இந்தியாவில் அதுதான் முதல். வியாபாரிகள் கொதித்தார்கள். மற்ற மாகாணங்களோ ருசி கண்டு பின்னாலேயே வந்தன.

ஒவ்வொரு மாகாணமும் வரி போட ஆரம்பித்ததும் எல்லைச் சண்டை மூண்டது. அரசியல் சட்டத்தின் 286-ஆவது பிரிவு அதைத் தீர்க்கப் பார்த்தது. 1953-இல் யுனைடெட் மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பொருள் போய்ச் சேர்ந்து நுகரப்படும் மாநிலமே வரி போடலாம் என்றது. சொல்லக் கேட்க நியாயம்தான். ஆனால் பத்து மாநிலங்களுக்குச் சரக்கு அனுப்பும் வியாபாரிக்குப் பத்து மாநிலங்களிலிருந்தும் நோட்டீஸ் வரும்.

அப்படி ஒரு நோட்டீஸ் வாங்கியது கல்கத்தாவில் தடுப்பூசி மருந்துகள் தயாரித்த பெங்கால் இம்யூனிட்டி கம்பெனி. பீகாரில் அதற்கு அலுவலகம் இல்லை, ஏஜென்ட் இல்லை, கிடங்கு இல்லை. ஆர்டர் கல்கத்தாவுக்கு வரும். சரக்கு ரயிலிலும் கப்பலிலும் விமானத்திலும் பீகாருக்குப் போகும். கணினித் திரையை மட்டும் கழித்துவிட்டால் இது அச்சு அசல் ஆன்லைன் வியாபாரம். 1955 செப்டம்பரில் ஏழு நீதிபதிகள் நாலுக்கு மூன்று என்று பிரிந்து, இரண்டே ஆண்டு முந்தைய தீர்ப்பைத் தூக்கிப்போட்டு, கம்பெனியை விடுவித்தார்கள். அடுத்த ஆண்டே அரசியல் சட்டம் ஆறாம் முறையாகத் திருத்தப்பட்டு மத்திய விற்பனை வரி பிறந்தது. வரி மெல்லியது, போய்ச் சேர்ந்ததோ கிளம்பிய மாநிலத்தின் கஜானாவுக்கு.

அமெரிக்காவுக்கு இதே கேள்வி தீர இன்னும் 63 ஆண்டு பிடித்தது. தபாலில் விற்கும் கம்பெனிக்கு ஒரு மாநிலத்தில் ஆளோ கட்டடமோ இல்லையென்றால் அந்த மாநிலம் அதை வரி வசூலிக்கச் சொல்ல முடியாது என்று அங்கே 1992-இல் குவில் வழக்கில் முடிவாகியிருந்தது. இணையக் கடைகள் அந்த நிழலில்தான் வளர்ந்தன. 2018 ஜூனில் சவுத் டகோட்டா மாநிலம் வேஃபேர் என்ற இணைய மரச்சாமான் கடையோடு மோதி, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஜெயித்தது. இரண்டு நாட்டு உச்ச நீதிமன்றமும் ஒற்றை ஓட்டு வித்தியாசத்தில் முடிவு சொன்னதே இந்தக் கேள்வி எவ்வளவு வழுக்கல் என்பதற்குச் சாட்சி.

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜிஎஸ்டி வந்தபோது இந்தியா மறுபடி கட்சி மாறியது. இனி வரி, பொருள் போய்ச் சேரும் மாநிலத்துக்கு. தமிழ்நாடு போன்ற உற்பத்தி மாநிலத்துக்கு இது கசந்தது. 2016 ஆகஸ்டில் அதற்கான திருத்தம் மாநிலங்களவையில் நிறைவேறியபோது அதிமுக வெளிநடப்பு செய்ததன் பின்னணியில் இதுவும் இருந்தது.

சரி, வேப்பம்பட்டுச் சேலைக்கு வருவோம். கணக்குக்கு வசதியாக எண்களை நானே வைத்துக்கொள்கிறேன். நம் பெண்மணி பதிவு வாங்கிவிட்டார் என்று கொள்வோம். சேலை விலை 1000 ரூபாய், 5 விழுக்காடு வரி 50. வாங்குபவர் தருவது 1050. மொத்தக் கடையில் அவர் கொடுத்தது 600, அதன் வரி 30. தளத்தின் கமிஷனும் கூரியரும் சேர்த்து 100, அதற்கு 18 விழுக்காடு வரி 18 ரூபாய். அரசுக்கு அவர் கட்ட வேண்டிய 50-இல், ஏற்கெனவே கொடுத்த 30-ஐயும் 18-ஐயும் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் 2 ரூபாய்.

இந்தச் சேலை நாகலாபுரத்துக்குப் போகிறபோதுதான் வேடிக்கை. 50 ரூபாயும் ஐஜிஎஸ்டி என்ற பெயரில் ஒன்றிய அரசின் கணக்கில் விழும். அதில் பாதி, 25 ரூபாய், ஆந்திரத்துக்கு. ஆனால் அவர் ரொக்கமாகக் கட்டியது 2 ரூபாய்தானே? சௌகார்பேட்டையில் கொடுத்த 30-இல் 15 ரூபாய் ஏற்கெனவே தமிழ்நாட்டு கஜானாவில் இருக்கிறது. அதை அவர் கழித்துக்கொண்டதால், தமிழ்நாடு அந்த 15 ரூபாயை ஒன்றியக் கணக்குக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். ஒரு சேலைக்காக இரண்டு மாநிலமும் டெல்லியும் தங்களுக்குள் கணக்குத் தீர்க்கின்றன. கோடிக்கணக்கான பில்களுக்கு இது நடக்கிறது. விற்றவருக்கும் தெரியாது, உடுத்தியவருக்கும் தெரியாது.

இந்தச் சங்கிலியில் விற்றவருக்குப் பதிவு எண் இல்லையென்றால் ஆந்திரத்தின் பங்கு எங்கேயும் பதிவாகாது. கன்னியாகுமரிக்கு விற்றால் யாருக்கு யார் தருவது என்ற கேள்வியே எழாது. தமிழ்நாட்டுப் பங்கு தமிழ்நாட்டிலேயே இருக்கும். நாகலாபுரம் விதியின் காரணம் இவ்வளவுதான். காரணம் புரிகிறது, இவ்வளவு சிறிய வியாபாரத்துக்கு அது நியாயமா என்பது வேறு விஷயம்.

சொந்த மாநிலத்துக்குள்ளும் இந்தச் சலுகை முதலிலிருந்தே இருந்ததல்ல. கடை வைத்துப் பொருள் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு வேண்டாம். அதே ஆள் ஆன்லைன் தளத்தில் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே வேண்டும் என்றிருந்தது. 2023 அக்டோபர் 1 முதல்தான் அது தளர்ந்தது. பான் கார்டை வைத்து ஜிஎஸ்டி போர்ட்டலில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்கினால் போதும். அவருடைய சரக்கை வெளிமாநிலத்துக்கு விற்கத் தளம் இடம் தரக் கூடாது. வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்றாலும் எல்லை விதி அதேதான். சில கைவினைப் பொருள்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பதிவில்லாமல் அதே சேலையை அதே 1050-க்கு விற்றால் என்ன மிஞ்சும்? கொள்முதல் 630, கமிஷன் 118 போக 302. பதிவோடு விற்றால் 300. வித்தியாசம், அந்த 2 ரூபாய். 800 சேலைக்கு ஆண்டு முழுவதும் 1600 ரூபாய். பதிவு என்றதும் சிறு வியாபாரிகள் அலறுவது வரிக்காக அல்ல என்று இதிலிருந்தே தெரிகிறது. விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் போட வேண்டும், தாமதித்தால் கட்டணம், ஆடிட்டருக்குச் சம்பளம். வலி அங்கே.

இனி தளம் பிடிக்கும் பணம். பதிவு பெற்ற விற்பனையாளரின் ஒவ்வொரு விற்பனையிலும் அரை விழுக்காடு, நம் சேலைக்கு 5 ரூபாய், தளமே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். 2018 அக்டோபரில் 1 விழுக்காடாகத் தொடங்கி 2024 ஜூலையில் பாதியானது. கட்ட வேண்டியதே 2 ரூபாய், பிடித்ததோ 5. மிச்ச 3 அவர் பெயரில் போர்ட்டலில் இருக்கும், ஆனால் உள்ளே போய் ஏற்றுக்கொண்டேன் என்று அழுத்தினால்தான் கைக்கு உதவும். இது தெரியாமல் மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்கள் உண்டு.

வருமான வரிக்காகத் தளம் பிடிப்பது இன்னும் மெலிந்தது: விற்பனையில் 0.1 விழுக்காடு, சேலைக்கு ஒரு ரூபாய். 2020 அக்டோபரில் வந்தபோது சட்டம் சொன்னது 1 விழுக்காடு. 2024 அக்டோபரில் பத்தில் ஒன்றானது. ஆண்டுக்கு 5 லட்சம் வரை விற்கும் தனிநபர் பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் அதுவும் இல்லை. ஆயிரத்தில் ஒரு ரூபாயை வைத்து அரசு என்ன செய்யப்போகிறது? எறும்புக் குழியருகே மாவு தூவித் தடம் பார்ப்பதைப் போன்ற வேலை இது. பிடிக்கும் பணம் சொற்பம். ஆனால் யார், எவ்வளவு விற்றார் என்ற தகவல் பான் எண்ணோடு வருமான வரித் துறையின் ஏட்டில் ஏறிவிடுகிறது.

புதிதாக இறங்குபவர்கள் தடுமாறுவது இந்த ஏட்டில்தான். வங்கிக்கு வந்தது 926 ரூபாய்: 1050-இல் கமிஷன் 118, ஜிஎஸ்டிக்காக 5, வருமான வரிக்காக 1 போய்விட்டது. ஏட்டில் இருப்பதோ 1000. வங்கிப் புத்தகத்தைப் பார்த்து விற்பனையைக் காட்டினால் ஒவ்வொரு சேலைக்கும் 74 ரூபாய் இடிக்கும். விற்பனையை முழுசாகக் காட்டி, கமிஷனைச் செலவில் எழுதுவதே முறை.

வரி விற்பனை மீது அல்ல, லாபத்தின் மீது. கணக்குப் புத்தகம் எழுத முடியாத சிறு வியாபாரிக்கு ஒரு குறுக்கு வழியும் உண்டு. ரொக்கமில்லாமல் வந்த விற்பனையில் குறைந்தது 6 விழுக்காட்டை லாபமென்று காட்டலாம், கூடுதலாகச் சம்பாதித்திருந்தால் அதை. நம் கணக்கில் சேலைக்கு 300 வீதம் ஆண்டு லாபம் 2,40,000 ரூபாய். 2025–26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரியே கிடையாது. வேறு வருமானம் இல்லையென்றால் அவர் கட்ட வேண்டியது பூஜ்யம். ஆனால் தளம் பிடித்து வைத்த 800 ரூபாய் தானாகத் திரும்பாது; ரிட்டர்ன் போட்டுக் கேட்டால்தான் வரும்.