மீன் சாகிறது: மருந்துப் போத்தலைத் திறக்கும் முன்

அலங்கார மீன் கடை வைத்திருப்பவர்களிடம் வியாபாரம் எப்படி என்று விசாரித்தால், விற்ற மீனைவிடச் செத்த மீனைப் பற்றித்தான் அதிகம் சொல்வார்கள். "வந்த சரக்கில் கால்வாசி போய்விட்டது" என்பது இத்தொழிலில் சாதாரணமான பேச்சு. புடவைக் கடையில் இந்தப் பெருநாளைக்கு விற்காத துணி அடுத்த பெருநாளைக்காவது போகும். மீனில் அப்படி இல்லை. காலையில் கடையைத் திறக்கும்போது மிதப்பது அத்தனையும் முதல்.

எமது நாட்டிலிருந்து வெளிநாடுகளுக்குப் போகும் நன்னீர் அலங்கார மீன்களில் கப்பி முதலிடத்தில் இருக்கிறது. ஏற்றுமதி செய்யும் பெரிய பண்ணைகளில் இதற்கென ஆட்களும் பரிசோதனை வசதிகளும் உண்டு. இன்று நான் எழுதுவது அவர்களுக்காக அல்ல. ஊரில் பத்து, இருபது கண்ணாடித் தொட்டிகளை வைத்துக்கொண்டு கப்பி, மொலி, தங்கமீன், ஏஞ்சல், பைட்டர் என்று விற்கும் சிறு கடைக்காரருக்காக.

இவர்களில் பெரும்பாலானோரிடம் இருக்கும் ஒரே வைத்தியம் நீல மருந்துதான். மீன் சோர்ந்தாலும் நீலம், புள்ளி விழுந்தாலும் நீலம், வால் கரைந்தாலும் நீலம். மெதிலீன் நீலம் பயனில்லாத மருந்து என்று நான் சொல்லவில்லை. முட்டைகளில் பங்கசு பிடிக்காமல் தடுக்க அது நல்லது. ஆனால் அது தொட்டியின் வடிகட்டியில் வாழும் நல்ல பக்டீரியாக்களையும் பாதிக்கிறது. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை மாற்றித் தருபவை அந்தப் பக்டீரியாக்கள்தான். அவை செத்தால் நோயில் தப்பிய மீன் அமோனியாவில் சாகும். பிறகு "மருந்து சரியில்லை" என்று போத்தலைக் குறை சொல்வோம்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்

மீனுக்கு நோயா, தண்ணீரில் குறையா என்பதைப் பிரித்தறிய ஓர் எளிய அடையாளம் உண்டு. தொட்டியிலுள்ள எல்லா மீன்களும், பல இனங்களும் ஒரே நேரத்தில் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது பெரும்பாலும் தண்ணீர்ப் பிரச்சினை. இன்று ஒன்று, நாளை மூன்று, நாளை மறுநாள் பத்து என்று பரவினால் நோய் என்று சந்தேகிக்கலாம். இது எல்லா இடத்துக்கும் பொருந்தும் விதியல்ல. ஆனாலும் பத்தில் ஏழு, எட்டுத் தடவை கைகொடுக்கும்.

குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பிடித்து ஊற்றினால் குளோரின் செவுளைச் சுட்டுவிடும். ஒரு நாள் முழுவதும் எயார் பம்ப் ஓடவிட்டு வைத்த தண்ணீரைப் பாவிக்க வேண்டும், அல்லது குளோரின் நீக்கும் மருந்தை இட வேண்டும். கிணற்றுத் தண்ணீரில் குளோரின் இல்லை. அதிலும் வேறு சிக்கல் உண்டு. யாழ்ப்பாணம், புத்தளம் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளின் தண்ணீர் கடினமானது. மொலிக்கும் கப்பிக்கும் அது பொருந்தும். ஈரவலயத்து மென்மையான தண்ணீரில் மொலி ஓரிடத்தில் நின்றபடி உடம்பை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பலர் நோய் என்று நினைக்கிறார்கள். மருந்து போடாமல் சிறிது உப்பும், தண்ணீரைக் கடினமாக்கச் சிறிது சிப்பி ஓடும் போட்டாலே பல நேரம் சரியாகிவிடும்.

சரக்கு வந்திறங்கும் நேரத்தில் நடப்பதுதான் அதிக நட்டம். நீண்ட பயணத்தில் பொலித்தீன் பைக்குள் மீன் விடும் கரியமில வாயு சேர்ந்து தண்ணீரின் அமிலத்தன்மை கூடுகிறது. அந்நிலையில் பைக்குள் சேரும் அமோனியா அவ்வளவாக விஷமாவதில்லை. பையைத் திறந்ததும் அந்த வாயு வெளியேறும், அமிலத்தன்மை குறையும், அதே அமோனியா விஷமாகும். பையைத் திறந்து மணிக்கணக்கில் மிதக்க விடுவது மீனை அந்த விஷத்தில் ஊற வைப்பதாகும். கட்டிய பையை அப்படியே 15, 20 நிமிடம் மிதக்க விட்டு, வெப்பம் சமமானதும் திறந்து, தாமதிக்காமல் வலையால் மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றவே வேண்டாம். அமோனியாவோடு, அனுப்பியவரின் தொட்டியிலிருந்த கிருமியும் அதில்தான் வருகிறது.

வெண்புள்ளி

தண்ணீரில் குறையில்லை என்று உறுதியான பின் மீனைப் பாருங்கள். உடம்பிலும் செட்டையிலும் உப்புத்தூள் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால், மீன் கல்லிலும் செடியிலும் உடம்பைத் தேய்த்துக்கொண்டால், அது வெண்புள்ளி நோய். கடைக்காரருக்கு அதிக நட்டம் தருவது இதுதான். எனவே இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

இது ஓர் ஒட்டுண்ணி. புள்ளியாகத் தெரியும்போது அது மீனின் தோலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. எந்த மருந்தும் அங்கே அதை நெருங்காது. நன்கு வளர்ந்ததும் மீனிலிருந்து கழன்று தொட்டியின் அடியில் விழுந்து, கூடு கட்டிக்கொண்டு, பிரிந்து பிரிந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகளாகிறது. கூட்டுக்குள் இருக்கும்போதும் மருந்து வேலை செய்யாது. குஞ்சுகள் வெளியே வந்து மீனைத் தேடி நீந்தும் நேரத்தில் மாத்திரமே மருந்து அவற்றைக் கொல்லும். ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை தாமாகவே செத்துவிடும்.

மூன்றாம் நாள் புள்ளிகள் மறைந்ததும் "சுகமாகிவிட்டது" என்று மருந்தை நிறுத்துகிறோம். உண்மையில் புள்ளிகள் கழன்று அடியில் விழுந்திருக்கின்றன, அவ்வளவுதான். நான்கைந்து நாளில் முன்னையதை விடப் பல மடங்காகத் திரும்பி வரும். ஆகவே கடைசிப் புள்ளி மறைந்த பின்னரும் குறைந்தது ஒரு வாரம் வைத்தியம் தொடர வேண்டும். கொழும்பு, கல்முனை போன்ற வெப்பமான ஊர்களில் இந்தச் சுற்று நான்கைந்து நாளில் முடிந்துவிடும். நுவரெலியா, பண்டாரவளைக் குளிரில் அதைவிடப் பல நாள் கூடுதலாக எடுக்கும். எனவே அங்கே வைத்தியமும் நீள வேண்டும். ஹீட்டர் வைத்துத் தண்ணீரை மெதுவாக 30 பாகை செல்சியஸ் வரை உயர்த்தினால் சுற்று விரைவாக முடியும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் குறைவு என்பதால் எயார் பம்பைக் கூட்டி வைக்க வேண்டும்.

மருந்தாக மலகைட் கிரீனும் போர்மலினும் கலந்த திரவம் கடைகளில் கிடைக்கிறது. நன்றாகவே வேலை செய்யும். ஆனால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், உண்ணும் மீனுக்கு ஒருபோதும் பாவிக்க வேண்டாம். போர்மலின் போத்தலின் அடியில் வெள்ளையாக ஏதும் படிந்திருந்தால் அதைப் பாவிக்கக் கூடாது. அந்தப் படிவு மீனுக்குக் கடும் விஷம். செதிளில்லாத கெளுத்தி வகைகளுக்கும் டெட்ராக்களுக்கும் பாதி அளவு போதும்.

கப்பி, மொலி, பிளட்டி, தங்கமீன் ஆகியவற்றுக்கு எனது முதல் தெரிவு கல்லுப்புத்தான். லீற்றருக்கு 2 முதல் 3 கிராம், கரைத்து, ஒரு நாளில் மூன்று தடவையாகப் பிரித்து ஊற்றி, பத்துப் பதினைந்து நாள் வைத்திருந்தால் வெண்புள்ளி அநேகமாக அடங்கிவிடும். செடி வளர்க்கும் தொட்டியில் இதைச் செய்ய முடியாது.

இங்கே ஒரு கணக்கு. நம்மில் பலர் மருந்தை "ஒரு மூடி, இரண்டு மூடி" என்று ஊற்றுகிறோம். ஒரு கன அடித் தண்ணீர் ஏறக்குறைய 28 லீற்றர். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தண்ணீர் என்றால் 56 லீற்றர். லீற்றருக்கு 2 கிராம் வீதம் 112 கிராம் உப்பு. நிறுத்துப் போடுங்கள். தராசு இல்லாத வியாபாரி யார் இருக்கிறார்?

புள்ளியாக இல்லாமல் பொன்தூள் பூசியது போல மங்கலாகத் தெரிந்தால் அது வேறொரு ஒட்டுண்ணி. டோர்ச் வெளிச்சத்தைச் சரித்துப் பிடித்தால்தான் கண்ணுக்குப் படும். அதற்கும் உப்பு உதவும். அந்த ஒட்டுண்ணி வெளிச்சத்தில் உணவு செய்வதால் தொட்டியைத் துணியால் மூடி இருட்டாக்குவதும் வைத்தியத்தில் ஒரு பகுதி.

பஞ்சு போலத் தெரிவதெல்லாம் பங்கசு அல்ல

உடம்பில் காயம் பட்ட இடத்தில் பஞ்சு போல நீண்டு வளர்வது பங்கசு. அது மெதுவாகப் பரவும். உப்பும் நீல மருந்தும் அதற்குப் போதும். அதை விட ஆபத்தானது, வாயைச் சுற்றி வெள்ளையாக, பஞ்சு போலவே படர்வது. முதுகில் சேணம் வைத்தது போல வெளிறிய பட்டையாகவும் வரும். இதைப் பலரும் "வாய்ப் பங்கசு" என்கிறார்கள். இது பங்கசு அல்ல, பக்டீரியா. கொலும்னாரிஸ் என்று பெயர். புதிதாக வந்த கப்பி, மொலித் தொகுதியை ஓரிரு நாளில் துடைத்துவிடக் கூடியது.

வெண்புள்ளிக்கு வெப்பத்தை உயர்த்தச் சொன்னேன். கொலும்னாரிஸுக்கு அப்படிச் செய்தால் சாவு விரைவாகும். வெப்பம் கூடக் கூட அது வேகமாகப் பரவும் நோய். அடையாளம் தெரியாமல் ஹீட்டரைத் திருகுவது எவ்வளவு நட்டம் என்பது இதிலிருந்து விளங்கும். இதற்குத் தண்ணீரைச் சற்றுக் குளிர்ச்சியாக வைத்து, நெரிசலைக் குறைத்து, உப்பிட்டு, நோயுற்றதைப் பிரித்து, தேவையென்றால் மிருக வைத்தியரின் ஆலோசனைப்படி அன்டிபயோட்டிக் கொடுக்க வேண்டும்.

பாமசியில் டெட்ராசைக்ளின் கெப்சியூல் வாங்கி உடைத்துத் தண்ணீரில் தூவும் வழக்கம் எமது ஆட்களிடம் பரவலாக இருக்கிறது. கடினமான தண்ணீரில் அந்த மருந்து கல்சியத்தோடு பிணைந்து பெருமளவு வீணாகிவிடுகிறது. மீனுக்குச் சேர்வது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் தப்பிய பக்டீரியா அடுத்த முறை அதே மருந்துக்கு அசையாது. மனிதருக்கான மருந்தை இப்படிப் பழக்கப்படுத்துவது எமக்கும் கெடுதல்தான்.

மற்றவை சுருக்கமாக. வாலும் செட்டையும் ஓரத்திலிருந்து கரைந்து வந்தால் மருந்துக்கு முன் தண்ணீரை மாற்றுங்கள்; தினமும் கால்வாசி மாற்றினாலே பாதி சுகமாகும். வயிறு வீங்கி, செதிள்கள் அன்னாசிக்காய் போல நிமிர்ந்தால் உள்ளுறுப்புகள் கெட்டுவிட்டன, தப்புவது அரிது. அந்த மீனைப் பிரித்துவிடுங்கள். கப்பியின் பின்துவாரத்தில் சிவப்பு நூல் போலத் தொங்குவது குடற்புழு. உப்புக்கும் நீலத்துக்கும் அது அசையாது, லெவமிசோல் போன்ற புழுமருந்து வேண்டும், இரண்டு மூன்று வாரத்தில் மறுபடியும் கொடுக்க வேண்டும். தங்கமீன், கொய் கார்ப் உடம்பில் சிறு குச்சி போல நீட்டிக்கொண்டிருப்பது நங்கூரப் புழு. மீன் நாளுக்கு நாள் மெலிந்து, முதுகு வளைந்து, புண் வந்தால் மீன் காசமாக இருக்கலாம். நம்பத்தக்க வைத்தியம் கிடையாது. அந்தக் கிருமி மனிதரின் கையிலுள்ள காயம் வழியே புகுந்து ஆறாத புண்ணை உண்டாக்கும். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது தொட்டிக்குள் கை விடாதீர்கள். தண்ணீர் இறக்கக் குழாயை வாயால் உறிஞ்சும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள்.

கடையின் ஒழுங்கு

புதிய சரக்கை நேரே விற்பனைத் தொட்டியில் இறக்காமல், பின்னால் தனித் தொட்டியில் குறைந்தது இரண்டு வாரம் வைக்க வேண்டும். இதைச் சொன்னால் "இடமில்லை, பணம் முடங்கும்" என்பார்கள். நியாயமான பேச்சுத்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இருநூறு ரூபா வீதம் ஐம்பது கப்பி வந்து வெண்புள்ளியில் பாதி செத்தால் ஐயாயிரம் ரூபா. அந்தத் தொட்டி வலையை அடுத்த தொட்டியில் போட்டதால் அங்கேயும் பரவினால் ஏஞ்சலும் போகும். ஒரு தொட்டிக்கு ஒரு வலை வைத்தால் வலையின் விலையோடு முடிந்துவிடும். வலையை வெயிலில் நன்கு காய வைத்துப் பாவித்தாலும் பயன் உண்டு. இரண்டு வாரம் முடியாதவர் ஒரு வாரமாவது வைக்கட்டும்.

நோய் கண்ட தொட்டியிலிருந்து, நன்றாகத் தெரியும் மீனைப் பிடித்து விற்கலாமா என்று ஒருவர் கேட்டார். வெண்புள்ளியின் கதையை மேலே சொல்லியிருக்கிறேன். புள்ளி தெரியாத மீனிலும் ஒட்டுண்ணி இருக்கும். வாங்கியவரின் வீட்டுத் தொட்டி முழுவதும் அழியும். குறையை மறைத்து விற்பதை எமது மார்க்கம் எப்படிப் பார்க்கிறது என்று வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தொட்டியில் "விற்பனைக்கு இல்லை" என்று ஒரு கடதாசியை ஒட்டிவிடுங்கள். வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்து மற்றத் தொட்டி மீன்களை நம்பி வாங்குவதைக் கண்டிருக்கிறேன்.

எவ்வளவு செய்தும் சாவு நிற்காவிட்டால் ஊகித்து மருந்து மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம். தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையின் அலுவலர்களிடம் ஆலோசனை கேட்கலாம். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தில் மீன் நோய்களைப் பரிசோதிக்கும் வசதி இருக்கிறது. கொண்டு போவதானால் செத்து மிதந்த மீனைக் கொண்டு போகாதீர்கள். சில மணி நேரத்தில் அது அழுகி நோயின் அடையாளம் மறைந்துவிடும். நோய்க்குறி தெளிவாகத் தெரியும் உயிருள்ள மீன்கள் இரண்டு மூன்றை அதே தொட்டித் தண்ணீரில் ஒரு பையிலும், வெறும் தண்ணீரை ஒரு சுத்தமான போத்தலிலும் எடுத்துச் செல்லுங்கள். எந்தத் திகதியில் சரக்கு வந்தது, என்ன மருந்து, எவ்வளவு போட்டீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.