வியாழனில் தரை எங்கே?

சூரியக் குடும்பப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து கேட்டாள்: “சார், வியாழன் வாயுக்கோள் என்கிறீர்களே, அங்கே ராக்கெட்டில் போனால் எதன்மேல் இறங்குவது?” வகுப்பு சிரித்தது. ஆனால், அது நல்ல கேள்வி.

பூமியில் காற்று முடியும் இடத்தில் நிலமோ கடலோ தொடங்குகிறது. வியாழனில் அப்படி ஓர் எல்லை இல்லை. சூரியனைப் போலவே அதுவும் பெரும்பாலும் ஹைட்ரஜன், ஹீலியத்தால் ஆனது. படங்களில் நாம் காணும் வெள்ளை, பழுப்புப் பட்டைகள் வெறும் மேகங்களே.

அப்படியானால் அதன் அளவை எப்படிச் சொல்கிறோம்? பூமியின் கடல்மட்டக் காற்றழுத்தத்துக்கு ஏறக்குறைய சமமான அழுத்தம் இருக்கும் உயரத்தையே ‘மேற்பரப்பு’ என விஞ்ஞானிகள் வைத்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் வியாழனின் நடுக்கோட்டு விட்டம் 142,984 கிலோமீட்டர். துருவங்களுக்கு இடையே அளந்தால் சுமார் 9,000 கிலோமீட்டர் குறையும். 10 மணி நேரத்திற்குள் ஒரு சுற்றைத் தானே சுழன்று முடித்துவிடுவதால், அதன் இடுப்புப் பகுதி புடைத்திருக்கிறது.

உள்ளே இறங்கிப் பார்த்த கருவியும் உண்டு. 1995 டிசம்பர் 7ஆம் நாள், கலிலியோ விண்கலம் அனுப்பிய ஆய்வுக்கலம் வியாழனுக்குள் பாய்ந்து, பாராசூட்டில் இறங்கியபடியே சுமார் 58 நிமிடங்கள் தகவல் அனுப்பியது. கடைசியில் அழுத்தம் பூமியில் உள்ளதைப் போல் 22 மடங்கு. வெப்பம் 150 டிகிரி செல்சியசுக்கு மேல். பிறகு தொடர்பு அறுந்தது. அது கடந்த ஆழம் சுமார் 150 கிலோமீட்டர். கோளின் ஆரத்தில் இது நானூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னும் கீழே போனால் ஹைட்ரஜன் நெருக்குண்டு, மெல்ல மெல்லத் திரவம்போல் ஆகிறது. மாலை எந்த நொடியில் இரவானது என்று கோடு போட முடியாததுபோல், வாயு எங்கே திரவமானது என்றும் இங்கே காட்ட முடியாது. அழுத்தம் பூமியின் காற்றழுத்தத்தைவிட ஒரு மில்லியன் மடங்குக்கும் மேல் ஏறும்போது, ஹைட்ரஜன் உலோகம்போல் மின்சாரம் கடத்துகிறது. வியாழனின் வலிமையான காந்தப்புலம் பிறப்பது இந்த அடுக்கில்தான்.

நடுவிலாவது கெட்டியான பாறை இருக்குமா? 2016 முதல் வியாழனைச் சுற்றிவரும் ஜூனோ விண்கலம் அதன் ஈர்ப்பு விசையை நுட்பமாக அளந்தது. கனமான பொருள்கள் நடுவில் ஒரே உருண்டையாகத் திரண்டிராமல், ஹைட்ரஜனோடு கலந்து வெகுதூரம் பரவியிருப்பதாகவே அந்த அளவீடுகள் காட்டுகின்றன. உள்மையத்துக்கும் தெளிவான விளிம்பு இல்லை.

ஆகவே, ‘வாயுக்கோள்’ என்றதும் காற்றடைத்த பலூனை நினைத்துவிடாதீர்கள். வியாழனின் நிறை பூமியைப் போல் 318 மடங்கு. அதன் உட்பகுதியில் பெரும்பங்கு நாம் அறிந்த வாயுவைப் போன்றதே அல்ல.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “வியாழனில் இறங்கி நிற்க முடியாது, அம்மா. மூழ்கத்தான் முடியும்.”